எதிர்த்திசையில் திரும்பிய ஆறு

நகரமும் நீரும் — ஒன்பதாம் பகுதி

சிக்காகோ மாநகரம் தன் அசுத்தத்தோடு நடத்திய யுத்தத்தின் முதல் இரண்டு கட்டங்களைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். சதுப்பு நிலத்தின்மேல் எழுந்த அந்த ஊரில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட இடமில்லாமையால், 1855-ல் பாஸ்டனிலிருந்து வந்த எல்லிஸ் செஸ்பரோ என்னும் நிபுணர் தெருக்களையே மண்ணிட்டு உயர்த்தச் செய்ததையும், அதற்கேற்ப மாடிக் கட்டடங்கள் திருகு ஜாக்கிகளின்மேல் அங்குலம் அங்குலமாக மேலே ஏறியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாக்கடைகளெல்லாம் சிக்காகோ ஆற்றில் விழுந்தன. ஆறு மிச்சிகன் ஏரியில் விழுந்தது. ஊர் குடித்த ஜலமோ அதே ஏரியிலிருந்து வந்தது. ஆகவே 1867-ல் ஏரியின் அடியில் இரண்டு மைல் தூரம் சுரங்கம் குடைந்து, கரையை விட்டு விலகி நல்ல ஜலம் எடுக்கப்பட்டது. 1871-ல் பழைய படகுக் கால்வாயை ஆழப்படுத்தி ஆற்றைச் சற்றே மேற்கு நோக்கி இழுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி தளர்ந்தது.

1885 ஆகஸ்டு 2-ஆம் நாள் பெய்த பெருமழையில் ஆறு பெருகி, ஊரின் கழிவையெல்லாம் அடித்துக்கொண்டு ஏரிக்குள் வெகுதூரம் சென்ற இடத்தில் சென்ற பகுதியை நிறுத்தினோம்.

அந்த மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வது நலம். அதன் விளைவாகத் தொண்ணூறாயிரம் ஜனங்கள் காலராவில் மாண்டார்கள் என்று பிற்காலத்துப் புத்தகங்கள் பலவற்றில் எழுதியிருப்பதைக் காணலாம். அது வெறும் கட்டுக்கதை. அவ்வாண்டு அங்கே அப்படியொரு கொள்ளைநோய் நிகழவே இல்லை. மாண்டவர்களின் எண்ணிக்கையன்று, மாண்டிருக்கக் கூடும் என்ற பயமே அந்நகரத்தை எழுப்பி உட்கார வைத்தது.

*

1886-ல் நகரசபை ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. அதன் தலைவர் ருடால்ப் ஹெரிங். ஐரோப்பிய நகரங்களின் சாக்கடை முறைகளை நேரில் சென்று ஆராய்ந்து வந்தவர். அக்காலத்து அமெரிக்காவில் இவ்விஷயத்தில் அவரை மிஞ்சியவர் இல்லை என்று பேர் பெற்றவர். அவருடைய குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. நகரங்களின் சரித்திரத்தை வாசிப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். ஏனெனில் அடுத்த அரை நூற்றாண்டுக்குரிய நன்மையும் தீமையும் அந்த மூன்றில் ஒன்றைப் பொறுக்கிய கணத்திலேயே நிச்சயமாகிவிட்டன.

முதல் வழி, கழிவை ஏரியிலேயே விட்டுவிட்டு, குடிநீர் எடுக்கும் இடத்தையும் கழிவு விடும் இடத்தையும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வைப்பது. இது வளரும் நகரத்துக்குத் தற்காலிக சாந்தியேயன்றி வேறில்லை என்பது குழுவினருக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டாவது வழி, கழிவு நீரை நிலத்தில் பாய்ச்சிப் பயிர் விளைவிப்பது. குப்பையும் சாணமும் வயலுக்கே உரியவை என்று பரம்பரையாக அறிந்த நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. சிக்காகோவுக்கு அருகிலேயே இதற்கு ஒரு திருஷ்டாந்தமும் இருந்தது. கட்டடங்களை ஜாக்கிகளால் தூக்கி முதன்முதலில் பேரெடுத்தவர் என்று நாம் முன்பு கண்ட ஜார்ஜ் புல்மன், பின்னர் ரயில் வண்டிகள் கட்டும் செல்வந்தராகித் தம் தொழிலாளருக்கென்று தனி ஊர் ஒன்றை நிர்மாணித்தபோது, அவ்வூரின் சாக்கடை நீரை இயந்திரத்தால் இறைத்துச் சில மைலுக்கு அப்பாலுள்ள பண்ணையில் பாய்ச்சிக் காய்கறி விளைவித்தார். ஆனால் ஒரு சிற்றூருக்குப் போதுமான பண்ணை வேறு. பத்து லட்சத்தை எட்டிக்கொண்டிருந்த ஒரு மாநகரத்துக்கு வேண்டிய நிலம் வேறு. அவ்வளவு நிலத்துக்கு விலை கொடுக்க யார் முன்வருவார்கள்?

மூன்றாவது வழி, ஆற்றைத் திருப்பிவிடுவது.

கேட்பதற்குப் புராணக் கதைபோல் இருக்கும் இந்த யோசனை, பூமியின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அவ்வளவு அசாத்தியமானதன்று. மிச்சிகன் ஏரியில் விழும் நீர் கிழக்கே அட்லாண்டிக் சமுத்திரத்துக்குச் செல்கிறது. ஏரிக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஓடும் டெஸ் பிளெய்ன்ஸ் என்னும் சிற்றாற்றின் நீரோ இல்லினாய் ஆற்றில் சேர்ந்து, அங்கிருந்து மிஸிஸிப்பியில் கலந்து, தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவை அடைகிறது. ஒரு கண்டத்தின் நீரையே இரண்டாகப் பிரிக்கும் இந்த வரம்பு, இமயம் போன்ற பர்வதமன்று. ஏரி மட்டத்துக்குமேல் ஏறக்குறைய பத்தடி உயரமுள்ள சேற்று மேடு. 1673-ல் அவ்வழியே படகைச் சுமந்து சென்ற ஜோலியே, மார்க்கெத் என்னும் பிரெஞ்சு யாத்திரிகர்களில் முன்னவர், இங்கே ஒரு கால்வாய் வெட்டினால் போதுமே என்று அப்போதே கருதியிருக்கிறார். அந்த மேட்டை ஆழமாக அறுத்துவிட்டால், ஏரியின் நீரே ஆற்றுக்குள் புகுந்து, நகரத்தின் கழிவையும் தள்ளிக்கொண்டு, மேற்கே போய்விடும்.

மூன்று வழிகளில் இதுவே செலவு குறைந்தது என்று குழு கணக்கிட்டது. செலவு யாருக்குக் குறைவு என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

*

ஹெரிங்கும் அவருடைய சகாக்களும் மனச்சாட்சியற்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் நீர் தன்னைத் தானே சுத்தி செய்துகொள்ளும் என்பது அக்காலத்து விஞ்ஞானத்தின் நம்பிக்கை. அதில் உண்மையும் இல்லாமலில்லை. காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்றுக்கொண்டே ஓடும் நல்ல ஜலம் போதிய அளவு கலக்குமானால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று கரைத்துவிடும். எவ்வளவு ஜலம் போதும் என்பதே கேள்வி. இதற்கும் சட்டத்திலேயே விடை எழுதினார்கள்: நகரத்தில் உள்ள ஒவ்வொரு லட்சம் ஜனங்களுக்கும் நிமிஷத்துக்கு 20,000 கன அடி வீதம் நீர் கால்வாயில் ஓட வேண்டும். கழிவை மாற்ற வேண்டாம், கரைத்தால் போதும் என்ற இந்த ஒற்றைச் சூத்திரத்தின்மேல் ஒரு மகாநகரத்தின் ஆரோக்கியம் முழுவதும் ஏற்றி வைக்கப்பட்டது.

1889-ல் இல்லினாய் மாகாண சட்டசபை சிக்காகோ சுகாதார மண்டலம் என்னும் ஸ்தாபனத்தை உண்டாக்க அனுமதித்தது. நகரசபைக்கு உட்படாத தனி அதிகாரமும், தனியே வரி விதிக்கும் உரிமையும் அதற்கு உண்டு. அவ்வாண்டு நவம்பரில் ஜனங்களின் சம்மதம் கேட்கப்பட்டது. வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 70,958 பேர். வேண்டாம் என்றவர்கள் 242 பேர்.

இத்தகைய ஏகமனதான தீர்ப்பை ஜனநாயகத்தின் சரித்திரத்தில் அதிகம் காண முடியாது. ஆனால் அந்த வாக்குப் பெட்டிகள் எவ்வளவு தூரம் சென்றன என்பதையும் பார்க்க வேண்டும். டெஸ் பிளெய்ன்ஸ் கரையிலுள்ள ஜோலியட் நகரத்தார், 1871-க்குப் பின் வந்த சிறு கழிவுக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு முறையிட்டவர்கள். அவர்களுக்கு இதில் வாக்கில்லை. இல்லினாய் ஆற்றின் பள்ளத்தாக்கில் உழுது வாழ்ந்தவர்களுக்கு இல்லை. முந்நூறு மைலுக்கு அப்பால் வேறொரு மாகாணத்தில், மிஸிஸிப்பியின் நீரை மொண்டு குடித்த செயின்ட் லூயிஸ் நகரத்தாருக்கோ, அப்படியொரு வாக்கெடுப்பு நடந்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கும் உரிமை மட்டுமே இருந்தது. தலைமடைக்காரன் கூட்டிய பஞ்சாயத்தில் கடைமடைக்காரனுக்கு இடம் எங்கே?

*

1892 செப்டம்பர் 3-ஆம் நாள் லெமாண்ட் என்னும் ஊருக்கருகில் முதல் மண் வெட்டப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டில் மட்டும் டைபாய்டு என்னும் விஷஜுரத்துக்குச் சிக்காகோ ஏறக்குறைய இரண்டாயிரம் உயிர்களைப் பறிகொடுத்திருந்தது. 1893-ல் உலகக் கண்காட்சி நடந்தபோது, வரும் விருந்தினர் ஊர் ஜலத்தைக் கண்டு அஞ்சாதிருக்க, அண்டையிலுள்ள விஸ்கான்ஸின் மாகாணத்து ஊற்றுநீரைக் குழாய் வழியே கொணர்ந்து, ஒரு குவளை ஒரு செண்டு என்று விற்றார்கள். அந்தக் கண்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வமத மகாசபையில்தான், சென்னை நண்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தோடு கப்பலேறிய சுவாமி விவேகானந்தர் செப்டம்பர் 11-ஆம் நாள் எழுந்து பேசினார். சிக்காகோ என்றால் நம் நாட்டார் பலருக்கும் நினைவு வருவது அந்த மண்டபமே. அதே வேளையில் நகரத்துக்குத் தென்மேற்கே ஆயிரக்கணக்கான கூலிகள் ஒரு புதிய ஆற்றின் படுகையை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கால்வாயின் நீளம் 28 மைல். சிக்காகோவிலிருந்து லாக்போர்ட் என்னும் ஊர்வரை. அதில் ஏறத்தாழ பாதி தூரம் கெட்டிப் பாறை. பாறையில் வெட்டிய பகுதியின் அகலம் 160 அடி. நீரின் ஆழம் இருபத்திரண்டு அடிக்குக் குறையாது. வெட்டியெடுத்த பாறை மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் கன கஜம். வெட்டும் இடத்துக்குள் வெள்ளம் புகாதிருக்க, டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றையே பல மைல் தூரத்துக்கு வேறு படுகையில் மாற்றி ஓடவிட்டார்கள். மண்ணை வாரும் நீராவி யந்திரங்கள், பாறையைச் சுவர்போல் நேராக அறுக்கும் யந்திரங்கள், வெட்டிய கல்லைத் தொட்டிகளில் தூக்கிக் கரைக்கு அப்பால் கொட்டும் ராட்சதக் கைகள் என்று அங்கே புதிதாகத் தோன்றிய சாதனங்களும் தேர்ச்சி பெற்ற ஆட்களுமே பின்னர் பனாமா கால்வாய்க்குச் சென்றன. 1893 முதல் தலைமைப் பொறியியலறிஞராக இருந்த ஐஷம் ராண்டால்ப், பனாமா பற்றி ஆலோசனை சொல்லவும் பிற்பாடு அழைக்கப்பட்டார்.

யந்திரங்களைப் பற்றி எழுதுபவர்கள் கூலிகளைப் பற்றி எழுத மறந்துவிடுவது வழக்கம். 1893 கோடையில் கூலி குறைப்பை எதிர்த்து லெமாண்ட் பகுதியில் வேலைநிறுத்தம் மூண்டு, துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதன் பிறகும் வேலை நடந்தது. மூன்று கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று.

*

1899-ன் கடைசி மாதங்களில் செயின்ட் லூயிஸ் நகரம் விழித்துக்கொண்டது.

இல்லினாய் ஆறு மிஸிஸிப்பியில் சேருமிடம், அந்நகரம் குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சுமார் நாற்பது மைல் மேலே இருக்கிறது. ஏழு வருஷமாக வெட்டப்பட்டு வந்த கால்வாயைக் கடைசி நிமிஷத்தில் எதிர்ப்பானேன் என்று கேட்கத் தோன்றும். வெட்டிக்கொண்டிருக்கும் கால்வாய் ஒருவருக்கும் தீங்கு செய்வதில்லை. நீர் வரும்போதுதான் நியாயஸ்தலத்துக்குப் போக முடியும். மிசௌரி மாகாணம் சுப்ரீம் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கப் போகிறது என்ற பேச்சு சிக்காகோவை எட்டியது. சுகாதார மண்டலத்தின் நிர்வாகிகள் அவசரப்பட்டார்கள். நீர் ஓடத் தொடங்கிவிட்டால், அதை நிறுத்திப் பதினேழு லட்சம் ஜனங்களை மறுபடியும் தங்கள் சாக்கடையையே குடிக்கும்படி உத்தரவிட எந்த நீதிபதிக்கும் மனம் வராது என்பது அவர்கள் போட்ட கணக்கு.

1900 ஜனவரி 2-ஆம் நாள் காலை.

மண்ணெல்லாம் பனியில் இறுகிக் கிடந்தது. சிக்காகோ ஆற்றின் தென்கிளைக்கும் புதிய கால்வாய்க்கும் நடுவே, கெட்டியான சுவர்போல் ஒரு குறுகிய மண் கரை மட்டுமே மிஞ்சியிருந்தது. மூன்று கோடி டாலர் செலவிட்ட ஒரு காரியத்தின் திறப்பு விழாவுக்கு வாத்தியம் இல்லை, பந்தல் இல்லை, கவர்னர் இல்லை, அழைப்பிதழும் இல்லை. நிர்வாகிகளும், பொறியியலாளர்களும், எப்படியோ செய்தி அறிந்த ஒரு சில நிருபர்களும் வந்திருந்தார்கள். உறைந்த களிமண் மண்வெட்டிக்கு மசியவில்லை. வெடிமருந்து வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் பெரிய பலன் இல்லை. கடைசியில் தூர்வாரும் யந்திரம் தன் நீண்ட கையால் திரும்பத் திரும்ப இடித்துக் கரையை உடைத்தது.

உடைப்பின் வழியே ஆறு உள்ளே சரிந்தது. யுகயுகமாகக் கிழக்கே ஓடிய நீர், பின்புறம் திரும்பி மேற்கே போகத் தொடங்கியது.

எனினும் கால்வாய்க்குள் நீர் விடுவது வேறு, கால்வாயிலிருந்து நீரை வெளியே விடுவது வேறு. மறுமுனையில் லாக்போர்ட்டில் ஏற்றி இறக்கக்கூடிய அணை ஒன்று வழியை மறித்து நின்றது. அதை இறக்கக் கவர்னரின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். அந்த 28 மைல் பள்ளம் மெல்ல நிரம்பச் சுமார் இரண்டு வாரம் பிடித்தது. இதற்கிடையில், எண்ணெயும் இரத்தமும் கொழுப்பும் மிதந்த பழைய ஆற்றில் ஏரியின் தெளிந்த நீர் புகுந்து, நகரத்தார் தங்கள் வாழ்நாளில் காணாத ஒரு நிறத்தை அதற்குக் கொடுத்தது. சிக்காகோ ஆற்றில் ஓடுவது இப்போது திரவத்தைப் போலவே இருக்கிறது என்று நியூயார்க் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. மிசௌரியில் அந்தக் கேலிக்கு ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 17-ஆம் நாள் கவர்னரின் சம்மதம் வந்தது. லாக்போர்ட் அணை இறங்கியது. சிக்காகோவின் நீர் டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றில் விழுந்து தன் நீண்ட தெற்குப் பிரயாணத்தைத் தொடங்கியது.

அதே ஜனவரி 17-ஆம் நாள் மிசௌரி மாகாணத்தின் பிராது சுப்ரீம் கோர்ட்டில் பதிவாயிற்று.

*

தண்ணீர் போதவில்லை என்று இரண்டு மாகாணங்கள் வழக்காடுவது நமக்குப் புதிதன்று. தண்ணீர் வேண்டாம் என்று ஒரு மாகாணம் வழக்காடிய விசித்திரம் இது. ஒரு மாகாணத்தின் கழிவு மற்றொரு மாகாணத்தின் குடிநீரைக் கெடுக்கிறது என்று சொல்லி அந்நாட்டின் தலைமை நியாயஸ்தலத்தை அணுகியவர் அதற்குமுன் இல்லை. எங்கள் மாகாணத்தின் மீது இப்படி வழக்குத் தொடுக்கவே முடியாது என்று இல்லினாய் தரப்பில் வாதித்தார்கள். 1901-ல் நீதிபதிகள் அந்த ஆட்சேபத்தைத் தள்ளி, வழக்கை விசாரிக்க உடன்பட்டார்கள்.

விசாரிப்பது எதை? சிக்காகோவில் விஷஜுரம் குறைந்து வந்தது உண்மை. ஏரிக்கரையிலிருந்த சில சாக்கடைகள் இன்னும் பழையபடி ஏரியிலேயே விழுந்துகொண்டிருந்தபோதிலும், குறைவு கண்கூடாக இருந்தது. இல்லினாய் ஆற்றின் தாழ்வான கரைகளில் நீர்மட்டம் உயர்ந்து விளைநிலங்கள் மூழ்கியதும் உண்மை. செயின்ட் லூயிஸில் ஜுரம் அதிகரித்தது என்று மிசௌரி சொல்லிற்று. அப்படியே அதிகரித்தாலும், மிசௌரி மாகாணத்து நகரங்களே தங்கள் கழிவை அந்த ஆறுகளில் விடுகின்றனவே, அவை காரணமாக இருக்கலாகாதா என்று இல்லினாய் திருப்பிக் கேட்டது. கேள்வி கூர்மையானது என்பதை மறுக்க முடியாது. தானும் தன் கழிவைத் தனக்குக் கீழே உள்ளவனுக்கு அனுப்பிவிட்டு, மேலே உள்ளவனைக் குற்றம் சொல்லும் நகரம் கோர்ட்டில் நிமிர்ந்து நிற்பது கடினம்.

ஆகவே வழக்கு, வழக்கறிஞர்களின் கையிலிருந்து நுண்ணுயிர் சாஸ்திரிகளின் கைக்கு மாறியது. சிக்காகோவில் ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து வெளியேறும் டைபாய்டு கிருமி, 357 மைல் தூரம், பல நாள் பிரயாணம் செய்து, வெயிலையும் குளிரையும் வேறு கோடானுகோடி கிருமிகளின் பகையையும் தாண்டி, செயின்ட் லூயிஸ் குழாய்க்கு உயிரோடு வந்து சேருமா? சிக்காகோ சர்வகலாசாலையின் பேராசிரியர் எட்வின் ஜோர்டன் ஆற்று நீரை ஊர் ஊராக எடுத்துச் சோதித்து, ஆறு வழியிலேயே சுத்தமாகிவிடுகிறது என்றார். மிசௌரியின் நிபுணர்கள் அதற்கு எதிராக ஒரு துணிகரமான பரீட்சையில் இறங்கினார்கள். நோய் தராதது என்று அன்று கருதப்பட்டதும், வளருமிடத்தில் இரத்தச் சிவப்பாய்த் தன்னைக் காட்டிக்கொடுப்பதுமான ஒருவகைக் கிருமியை வளர்த்து, 107 பீப்பாய் நிறைய, ஒரு நவம்பர் மாதம் 6-ஆம் நாள் கால்வாயின் தொடக்கத்தருகே கொட்டிவிட்டு, செயின்ட் லூயிஸில் குடிநீர் எடுக்கும் கோபுரத்தில் தினந்தோறும் நீரை மொண்டு பார்த்துக் காத்திருந்தார்கள்.

நவம்பர் கழிந்தது. அந்தச் சிவப்புக் கிருமி வந்து சேர்ந்ததா? வந்திருந்தால், அதைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஹோம்ஸ் சாட்சியாக ஏற்றுக்கொண்டாரா? 1906-ல் வெளிவந்த தீர்ப்பை அடுத்த வாரம் பார்ப்போம்.